நாலாம் சன்னலின் பன்னிரண்டு காசு

என் மேசை இழுப்பறையில் ஒரு காகித உறை இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். சர்க்கரைப் பைக் காகிதத்தை இரண்டு அடுக்காக வைத்து, நடுவே இலவம்பஞ்சைப் பரப்பி, குட்டித் தலையணை போலக் கட்டம் கட்டமாகத் தைத்தது. மூலையில் நீலப் பென்சிலால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆங்கில ‘டி’ எழுத்து. தபால்தலை ஒட்ட வேண்டிய இடம் காலி. இத்தனை வயதான பிறகும் அந்த வட்டத்தைப் பார்த்தால் சட்டென்று இழுப்பறையை மூடிவிடுகிறேன்.

மலாயா சுதந்திரம் பெற்ற வருடம் அது. மலாக்கா ஊருக்குள் ஒரு சின்னத் தபாலாபீஸில், நாலாம் சன்னலில் எனக்கு வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டார், அவருடைய நாற்காலியில் தலைமைக் குமாஸ்தா உட்கார்ந்துவிட்டார், ஆனால் துரை விட்டுப்போன விதிப்புத்தகம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதை முழுதாகப் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை என்பதை இப்போது சொன்னால் யார் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்!

பீபி அந்தச் சன்னலுக்குத்தான் வந்தார். காஜா பேராங் தெருவில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குப் பக்கத்திலேயே கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் வந்து தமிழை மறந்துவிட்ட மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. அங்கே ஊரே அவரை பீபி என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். உடுத்தியது கெபாயா என்ற மலாய்ச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சு மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி, தம்பி, வளையல் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு சொற்கள். அதனால் அவர் மலாயில் சொன்னதை என் வாய்த் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

பீபியின் ஒரே மகள் தகப்பனுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு சிரம்பானுக்குப் போய்விட்டாள். அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று தகப்பனார் உத்தரவு. அப்படியிருக்க, மகளுக்கு ஏழாம் மாதம் என்று யார் மூலமோ பீபிக்குத் தெரிந்துவிட்டது. தாய் வீட்டு வளையல் போட வேண்டிய மாதம். போகவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. அதனால் அந்தப் பெண்மணி தபாலில் வளைகாப்பு செய்யக் கிளம்பினார். கறுப்புக் கண்ணாடி வளையல், வாரத்துக்கு ஒரு ஜோடி. உடையாமல் போய்ச் சேரத்தான் அந்தப் பஞ்சுத் தையல்.

“பெராப்பா, தம்பி?” என்பார், கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தபடி. எவ்வளவு என்று கேட்கிறார். சொல்வதற்கு எங்களுக்குத் தெரிந்தால்தானே! முதல் சன்னல்காரர் உறையைத் தராசில் வைத்து, வாய் தைத்து மூடியிருப்பதால் கடிதக் கட்டணம், முப்பது காசு என்பார். அதே உறையை இரண்டாம் சன்னல்காரர் விரலால் அமுக்கிப் பார்த்து, சிறு பொட்டலம், பன்னிரண்டு காசு என்பார். மூன்றாம் சன்னல்காரர் அவர்கள் இருவரையும் கேட்டுவிட்டு இருபது என்பார். மழை நாளில் பஞ்சு ஈரத்தைக் குடித்து எடை கூடிவிடும், முப்பது நாற்பதாகும். முதல் வாரம் பீபி ஒவ்வொரு சன்னலாக ஏறி இறங்கி, கையில் காசோடு நடுக்கூடத்தில் நின்றுவிட்டார். “ஒரே வளையலுக்கு எத்தன வெல சொல்லுவீங்க? என்னைப் பாத்தா ஏமாளியாத் தெரியுதா?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு வள்ளலாகும் ஆசை வந்தது. “பீபி, இனிமே நேரா ஏங்கிட்டயே வாங்க. மழையோ வெயிலோ, பன்னிரண்டு காசுதான்,” என்றேன். விதிப்படி அது கடிதம் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். இத்தனூண்டு உறையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். முகவரியையும் நானே எழுதிக் கொடுத்தேன். “திரிமா காசி, தம்பி,” என்று நன்றி சொல்லி அவர் கும்பிட்டபோது, சுதந்திர நாட்டில் ஏழைக்கு நீதி வழங்கியவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். சே, என்ன முட்டாள்தனம்! மூன்று வாரம், மூன்று உறைகள், மூன்று கும்பிடு.

நாலாம் வாரம் ஆளைக் காணவில்லை. ஐந்தாவது வாரம் பீபி வந்தார். “பெராப்பா” என்று கேட்கவில்லை. பையிலிருந்து மூன்று உறைகளை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார். ஒன்றொன்றாகத் திரும்பி வந்தனவாம். புருஷன் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாராம், ஓரத்தில் மாவு ஒட்டியிருந்தது. முன்பக்கம் என் கையெழுத்து. அதன்மேல் நீல வட்டத்தில் ‘டி’. பக்கத்தில், பெறுபவர் ஏற்க மறுத்தார் என்ற முத்திரை.

“எம் மகளுக்கு வேணாமாம், தம்பி. தபால்காரரு படிச்சுச் சொன்னாரு. மூணு தடவ வேணாம்னு சொல்லிட்டா. இனிமே அனுப்ப மாட்டேன்.”

அந்த ‘டி’க்கு அர்த்தம் தபாலாபீஸில் வேலை செய்கிற எவனுக்கும் தெரியும். கட்டணம் குறைவு, குறைந்ததற்கு இரட்டிப்பாகப் பெறுபவரிடம் வசூல் செய் என்று பொருள். நான் விட்டுக்கொடுத்த பதினெட்டுக் காசு, முப்பத்தாறு காசாகி மகளின் வாசலில் போய்க் கையேந்தியிருக்கிறது. பீபிக்குப் படிக்கத் தெரியாது. வாயைத் திறந்தால் என் வேலை நிரந்தரமாகாது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உறைகளைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வேலை முடிந்ததும் சைக்கிளை அறைக்கு விடாமல் கம்போங் செட்டிக்குள் விட்டேன். பீபி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“பீபி, உங்க மக வேணாம்னு சொல்லல. தப்பு என்னோடது. நான் காசைக் கொறைச்சு வாங்கினேன். அதுக்கு ரெண்டு மடங்கா உங்க மககிட்ட கேட்டிருக்காங்க.”

முறம் அவர் மடியில் நின்றது. “அவகிட்டயா? நான் அனுப்பின வளையலுக்குப் புள்ளத்தாச்சிகிட்ட காசு கேட்டாங்களா?”

“ஆமா, பீபி.”

“இன்னொரு தடவ சொல்லு. சத்தமாச் சொல்லு.”

சத்தமாகச் சொன்னேன். அவர் ஏன் சத்தமாகச் சொல்லச் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது. உள்ளேயிருந்து அவருடைய புருஷன் வந்து நின்றார், மகள் பெயரை எடுக்கக்கூடாதென்ற அதே மனிதர். இன்றைக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பீபியிடம், “சிரம்பானுக்கு முதல் பஸ் எத்தன மணிக்கு?” என்றார்.

மறுநாள் தலைமைக் குமாஸ்தாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டு கிடைத்தது, நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போனது. போகட்டும். நான் காத்திருந்தது பீபிக்காக. பத்து நாள் கழித்து நேராக நாலாம் சன்னலுக்கு வந்தார்.

“கதவைத் தொறந்தா. ஏங் கையில இருந்த உறையப் பாத்தா. ‘பெராப்பா’ன்னு கேட்டா, தம்பி. எம் மக ஏங்கிட்ட, எவ்வளவு கட்டணும்னு கேட்டா.”

முதல் உறை போய்ச் சேர்ந்த அன்றே அவளுடைய மாமியார், “ஒரு உறை அனுப்புறதுக்கும் உங்கம்மா உன்கிட்டயே காசு வாங்குறாங்களா?” என்று கேட்டிருக்கிறார். மகள் உறையைத் தடவிப் பார்த்தாளாம். வளையல் என்று தெரிந்தும், தெரிந்ததாலேயே, திருப்பிக் கொடுத்தாளாம். அம்மா வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறாள் என்று மூன்று தடவையும் அழுதிருக்கிறாள். அட கடவுளே, ஒரு தாயையும் மகளையும் பதினெட்டுக் காசில் பிரித்துவிட்டு நான் இங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்!

“ரெண்டு கையிலயும் போட்டுவிட்டேன். அவங்கப்பாதான் கையப் புடிச்சிக்கிட்டாரு,” என்றார் பீபி. “ஆனா அந்தப் ‘பெராப்பா’ எங் காதுலயே இருக்கு. ஒங் காதுலயும் இருக்கட்டும்.” திட்டாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து எனக்கே ஓர் உறை வந்தது. அதே பஞ்சுத் தையல். ‘நாலாம் சன்னல் தம்பிக்கு’ என்று மலாயில் முகவரி, சிரம்பான் முத்திரை. தபால்தலை ஒன்றுகூட இல்லை! நீல வட்டத்தில் ‘டி’ மட்டும் இருந்தது. தபால்காரர் எல்லோர் முன்னாலும், “சார், ரெட்டிப்பு கட்டுங்க,” என்று கையை நீட்டினார். எந்தக் கட்டணத்துக்கு ரெட்டிப்பு என்று மூன்று சன்னல்காரர்களும் சண்டை போட்டார்கள், கடிதமா பொட்டலமா என்று. நான் வியர்க்க வியர்க்க நின்று, இருந்ததிலேயே பெரிய தொகையைக் கட்டினேன்.

உள்ளே கடிதம் இல்லை. ஒற்றைக் கறுப்பு வளையல், விரிசல்கூட விடாமல். பிரசவம் ஆனதும் கழற்றுகிற வளையலை மருத்துவச்சிக்குக் கொடுப்பது நம் வழக்கம். அதில் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார்கள். சன்னலை மூடிவிட்டுப் பின்னால் போய் அழுதேன்.

நேற்று பேத்திக்குத் தோடு அனுப்பத் தபாலாபீஸுக்குப் போனேன். இப்போது பஞ்சு இல்லை, காற்றுக் குமிழ் வைத்த உறை கடையிலேயே கிடைக்கிறது. சன்னலில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கம்ப்யூட்டரைத் தட்டினாள், பக்கத்துச் சன்னலில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

“அங்கிள், இது லெட்டரா பார்சலான்னு தெரியல. ரெண்டு ரேட் காட்டுது. கம்மியானதே போட்டுடவா?”

அவள் சிரித்த முகமாய், எனக்கு நல்லது செய்கிற சந்தோஷத்தில் கேட்டாள்.

“வேண்டாம்மா,” என்றேன். “எது அதிகமோ, அதையே போடு.”