‘சரி’ அழுத்துகிற வாத்தியார்

ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைத் தமிழ் வாத்தியார் தலையில் கட்டியிருந்தார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. பிள்ளைகளின் ஒற்றுப்பிழைகளை ஒன்று விடாமல் சுழிக்கிற மனுஷர், திரையில் வருவதை மட்டும் படிக்கவே மாட்டார்.

மறுநாள் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். புதிதாகப் போட்ட லினக்ஸில் பிரிண்டர் சாஃப்ட்வேர் ஏறவில்லை என்று, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற என்னைக் கூப்பிட்டார். என் கண்முன்னே ஏற்றினார். திரையில் பெட்டி ஒன்று வந்தது. கண் இமைப்பதற்குள் ‘சரி’யை அழுத்தி மூடிவிட்டார்.

“என்ன போட்டிருந்துச்சுன்னு படிச்சீங்களா சார்?”

“சரின்னு போட்டிருந்துச்சு. அழுத்துனேன்.”

“அதுக்கு மேல எழுதியிருந்துச்சே?”

“அது காலையிலேர்ந்து வாரதுதாங்க.”

மறுபடி ஏற்றச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு படித்தேன். ‘வட்டில் போதிய இடம் இல்லை.’ நல்ல தமிழ். அதற்குத்தான் காலையிலிருந்து சரி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க்கை அடைத்துக் கிடந்த ஆண்டு விழா வீடியோக்களைப் பென்டிரைவுக்கு மாற்றினேன். சாஃப்ட்வேர் ஏறியது.

ஆத்திரம் அடங்கவில்லை. “தமிழைப் படிக்காதவருக்குத் தமிழ் வாத்தியார் வேலை எதுக்கு சார்?” என்று ஆரம்பித்தேன்.

முடிப்பதற்குள் “சரிங்க சார்” என்று என்னையும் மூடிவிட்டார்.