தடுப்புச்சுவரை இடித்தது யார்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா காலமாகி இன்றோடு ஒரு வருஷம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவுக்காரர்களில் பாதிப் பேர் போன வருஷம் கருமாதிக்கு வந்து, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களும் அவர்கள்தான். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும். நான் எட்டாவது வரை போனவன், பூசி மெழுகி எழுத எனக்கு வராது. உங்கள் மூவருக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

பெரியப்பாவைப் பற்றி நம் குடும்பத்தில் நீங்கள் கேட்டு வளர்ந்தது ஒரே கதை. கட்டத் தெரியாமல் ஒரு சுவரைக் கட்டினார், அது இடிந்து ஊர் வயலைக் கெடுத்தது, பழியைத் தூக்கிக் கூடப்பிறந்த தம்பி மேல் போட்டார். அவர் பொய் சொன்னாரா இல்லையா என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியப்பா நம் ஊரில், இதே வீட்டில் பிறந்தார். எங்கள் அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு, எனக்குப் பத்து. படிப்பை விட்டுவிட்டுக் காரைக்காலில் குடிதண்ணீர்த் தொட்டி வேலைக்குப் போனார். மணல், கருங்கல் ஜல்லி வழியாகத் தண்ணீரை வடிகட்டுவது, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது எல்லாம் அங்கே கற்றது. காலையில் குழாயைத் திறக்கும் முன் முதல் டம்ளரைத் தான் குடிப்பார். "ஊருக்கு வயிறு போறதுக்கு முன்ன எனக்குப் போவட்டுமே" என்பார். அந்தச் சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன், எனக்குக் கல்யாணமும் நடந்தது.

எமர்ஜென்சி முடிந்த சமயம், அவரைத் துப்புரவு மேஸ்திரியாகத் திருநள்ளாற்றுக்கு மாற்றினார்கள். அங்கே நடப்பது நீங்கள் அறிந்ததுதான். ஜனங்கள் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகுவார்கள், கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, பிடித்த சனி விட்டது என்று திரும்பிப் பார்க்காமல் போவார்கள். துணியும் எண்ணெயும் எங்கே போகும் என்று அவர்களில் யாரும் யோசித்ததில்லை. அதை அள்ளும் வேலை பெரியப்பாவுக்கும் அவர் கீழே இருந்த நான்கு துப்புரவுப் பணியாளர்களுக்கும்.

மேஸ்திரி என்றால் கரையில் நின்று கை காட்டலாம். பெரியப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிடுவார். அன்றிலிருந்து பிடித்தது. ஊரார் விட்ட சனியை இவர் தொட்டு எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார் என்று பேச்சு. அவருக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். எங்கள் சித்தப்பா, உங்களுக்குச் சின்னத் தாத்தா, அவரே ஒரு பரிகாரமும் கண்டுபிடித்தார். "நீயும் ஒரு சனிக்கிழமை எண்ணெ தேச்சு முழுகி, வேட்டிய அங்கயே விட்டுட்டு வந்துடு. எல்லாம் போயிடும்" என்றார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "விட்டுட்டு வரலாம் சித்தப்பா. ஞாயித்துக்கெழம காலையில அத நான்தானே எடுக்கணும்? நீங்க வந்து எடுப்பீங்களா?" என்று கேட்டார். சித்தப்பா அதற்கப்புறம் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

குளத்துத் தண்ணீரை இறைத்து விட்டால் அது நம் ஊர் வாய்க்காலில்தான் வரும். எண்ணெய் ஏடாக மிதந்து வரும், மாடு வாய் வைக்காது. பெரியப்பா ஆபீசில் நடையாய் நடந்து, நம் ஊர் எல்லையில் மூன்று தொட்டிகள் கட்ட அனுமதி வாங்கினார். முதல் தொட்டியில் கம்பிவலை, துணி நிற்கும். மூன்றாவதில் மணலும் அடுப்புக்கரியும். நடுத் தொட்டியில்தான் சூட்சுமம். அதன் குறுக்கே ஒரு தடுப்புச்சுவர், அடியில் ஒரு முழம் திறப்பு விட்டுக் கட்டியது. தண்ணீர் அடியால் நுழைந்து அந்தப் பக்கம் போகும், எண்ணெய் மேலேயே தங்கிவிடும். உங்கள் அம்மாவிடம் இதை இப்படித்தான் சொன்னார்: "ரசத்துல எண்ணெ மேல நிக்குதுல்ல, அத உட்டுட்டு அடியில உள்ளத மட்டும் எடுக்குற மாதிரி, அவ்ளோதான்." தங்கிய எண்ணெயில் வைக்கோல் பிரிகளை மிதக்கவிட்டு, அவை குடித்து ஊறியதும் எடுத்துச் செங்கல் சூளைக்கு அனுப்பினார். இரண்டே மாதத்தில் வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் வந்தது. மாடுகள் குடித்தன. ஊரில் ஒருவர்கூட நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் சனிப்பெயர்ச்சிக் கூட்டம் தாங்கவில்லை. ஒரு வாரத்து எண்ணெய் நடுத் தொட்டியில் தேங்கி நின்றது, அள்ளி மாளவில்லை. அதே வாரம் சித்தப்பா வீட்டுக் கன்றுக்குட்டி செத்தது, உங்கள் அம்மாவுக்குக் கரு கலைந்தது. சித்தப்பா பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார்.

"ஊரான் சனியெல்லாம் கொண்டாந்து நம்ம எல்லையில கட்டி வச்சிருக்கான் ஒங்கண்ணன். ஓடுற தண்ணின்னா கடலுக்குப் போயிடும். இது நிக்கிது. நின்னா புடிக்காம என்ன செய்யும்? வீட்டுல ஒண்ணு போச்சுல்ல, இன்னும் எத்தன போவணும் ஒனக்கு?"

சனி ஓடிப்போகும் என்று நாங்கள் நம்பினோம். எண்ணெய் எங்கே ஓடும் என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை. பட்டப்பகலில் தொட்டிக்குப் போனோம், பணியாளர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். பெரியப்பா குளத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கடப்பாரையை எடுத்தேன். முதல் குத்தே என்னுடையது. தண்ணீருக்குள் நிற்கிற சுவரை இடிப்பது லேசில்லை, பிள்ளைகளே. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார். நாலு பேர் மாறி மாறிக் குத்தியும் வெகுநேரம் ஆயிற்று. சாப்பிட்டுத் திரும்பிய ஒரு பணியாளர் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "ஐயா, அது ஒங்க வயலுக்குத்தான்யா வரும், ஒங்க வயலுக்குத்தான்யா" என்று கத்தினார். சித்தப்பா மண்ணாங்கட்டியை எடுத்து அவர் மேல் வீசினார்.

அந்த அம்மா சொன்னபடியே ஆயிற்று. நட்டுப் பதினைந்து நாளான பயிர். வயலில் தேங்கிய தண்ணீர் முழுக்க எண்ணெய் மூடிக்கொண்டு, பயிர் அழுகி மடங்கியது. உடனே சித்தப்பா ஆபீசுக்கு மனு எழுதினார்: மேஸ்திரி கட்டிய சுவர் தானே இடிந்துவிட்டது, விசாரிக்கவும். முதல் கையெழுத்து என்னுடையது.

பெரியப்பா நம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கடப்பாரைக்கு ஒண்ணும் ஆவலையே? குடு, மிச்சத்தயும் நான் இடிச்சுட்டு வந்துடறேன். ஒனக்கு ஏன் செரமம்?"

"நான் இல்லண்ணே."

"நீதாண்டா. ஒங் கையப் பாரு, தோலு உரிஞ்சு கெடக்கு."

ஆபீசில் நடந்த விசாரணையில் அவர் என் பெயரைச் சொன்னார். அந்தப் பணியாளர் அம்மாவும் சொன்னார். அவர் சொல்லை எழுதிக்கொள்ளவே விடாமல் எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். என்னைப் பிள்ளையார் கோயில் வாசலுக்குக் கூட்டிப் போனார்கள். ஊர் பார்க்கச் சூடத்தை ஏற்றி, அணைத்து, நான் சுவரைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். பெரியப்பா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்தோடு அவருக்கு வேலை போயிற்று.

அதன்பின் கருக்களாச்சேரி, கிளிஞ்சல்மேடு என்று மீனவர் தெருக்களில் அடிபம்பு ரிப்பேர் செய்து பிழைத்தார். குடம் நிறைந்தால் போதும் அந்த ஜனங்களுக்கு, யார் தொட்ட பம்பு என்று கேட்க மாட்டார்கள். இந்த வீட்டில் மூன்று விசேஷம் நடந்தது, ஒன்றுக்கும் நான் அவரைக் கூப்பிடவில்லை. கடைசியில் மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போய்ப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மன்னித்தார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். உறவுகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த நான்கு பணியாளர்கள். அவர் உடம்பைக் குளிப்பாட்டியது அவர்கள். கருமாதியன்று நம் பந்தலில் அவர்களுக்கு வெளியே தனியாக இலை போட்டோம், அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள்.

இந்த மலரில் நன்றி போட வேண்டும், பெயரைச் சொல்லுங்கள் என்று போன மாதம் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். மீன் அலம்பிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"எம்பேரு ஒங்க புஸ்தகத்துல வேணாங்க. நான் சொன்னப்ப எழுதிக்கல. இப்ப நீங்க போயி அதே எடத்துல சொல்லுங்க. சொன்னீங்கன்னா எனக்கு அது போதும்."

போனேன். பெரியப்பா வேலை பார்த்த அதே ஆபீசில், சுவரை இடித்தது நான், சூடம் அணைத்தது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா, "செத்தவருக்கு இப்ப என்ன ஐயா ஆவப் போவுது?" என்றார். வாங்கியதற்கு முத்திரை குத்தித் தரும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். தந்தார். அந்தக் கடிதத்தை அப்படியே இதன் பின்னட்டையில் அச்சடித்திருக்கிறேன். அச்சாகிவிட்டால் சித்தப்பாவால் கிழிக்க முடியாது.

பெரியப்பா பொய்யர் என்று உங்களுக்குச் சொல்லிச் சோறு ஊட்டியவன் நான். அவர் பொய் சொல்லவில்லை.