எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த கொத்சு

எம்.சி.ஏ. படித்த காலத்தில் நான் வயிறு வலிக்கச் சிரித்த நாள் எது என்று கேட்டால், ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் மெசேஜ் க்யூ புரோகிராம் போட்ட நாளைத்தான் சொல்வேன். அதைவிட வறண்ட தலைப்பு எங்கள் பாடத்திட்டத்திலேயே கிடையாது.

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலில் சிதம்பரம் போய்வந்து படித்தேன். என் தோழி சிதம்பரத்துக்காரி, வடக்கு வீதியில் வீடு. வகுப்பில் நாங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டே திரிவோம். லேபில் மட்டும் அது நடக்காது. ரோல் நம்பர்படிதான் உட்கார வேண்டும். அவள் முதல் வரிசை, நான் கடைசி வரிசை ஜன்னலோரம். நடுவில் வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருக்கும். வாயைத் திறந்தால் மேடம் வெளியே அனுப்பிவிடுவார்.

அன்று மேடம் பாடத்தை இப்படித் தொடங்கினார்: "ஓடிக்கிட்டிருக்கிற ஒவ்வொரு புரோகிராமும் ஒரு ப்ராசஸ். ஒண்ணோட மெமரிக்குள்ள இன்னொண்ணு எட்டிக்கூடப் பாக்க முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டம் விடாது. அப்ப ரெண்டும் எப்படிப் பேசிக்கும்? நடுவுல ஆபரேட்டிங் சிஸ்டமே ஒரு க்யூ வெச்சுக் குடுக்கும். ஒரு ப்ராசஸ் அதுல மெசேஜப் போடும், இன்னொண்ணு எடுத்துக்கும். ஒருத்தர் எடுத்துட்டா அது அங்க இருக்காது. புரியுதா?"

அந்த க்யூவுக்கு ஒரு சாவி எண் கொடுக்க வேண்டும். ஒரே எண்ணைக் கொடுத்த புரோகிராம்கள் ஒரே க்யூவில் போய்ச் சேரும். உதாரணத்துக்கு மேடம் பலகையில் 1234 என்று எழுதினார். நாங்கள் அத்தனை பேரும் பக்தியோடு அதை அப்படியே தட்டினோம். எங்கள் கணினிகள் எல்லாமே பக்கத்து அறையில் இருக்கும் ஒரே சர்வருக்குள் நுழைந்துதான் வேலை செய்கின்றன. அப்படியானால் வகுப்புக்கே ஒரே க்யூதான் என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மற்றவர்கள் அனுப்பும் புரோகிராம், வாங்கும் புரோகிராம் இரண்டையும் தங்கள் கணினியிலேயே ஓடவிட்டார்கள். தோழி என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் அனுப்புவாள், நான் வாங்குவேன். மேடம் எதிரிலேயே, வாயைத் திறக்காமல் அரட்டை!

அவள் எதையோ தட்டிவிட்டுத் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். என் திரையில் ஒன்றும் வரவில்லை. இல்லையென்று தலையாட்டினேன். மறுபடி தட்டினாள், மறுபடி திரும்பினாள். மறுபடி தலையாட்டினேன். இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. விரல்கள் கீபோர்டை அறைந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

திடீரென்று என் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். "மச்சான், ரெக்கார்டு முடிச்சிட்டியா?"

மச்சானா! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன். இவளுக்கு இன்று என்ன ஆயிற்று? நானும் விடவில்லை. உடனே அனுப்பும் புரோகிராமைத் திறந்து, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரியக்கூடிய ஒரு செய்தியைத் தட்டினேன்: "மாமா, மேடம் மறுபடி கொட்டாவி உட்றாங்க பாரு."

என்டர் தட்டினேன்.

மேடம் தன்னுடைய வாங்கும் புரோகிராமை எங்களுக்குக் காட்டுவதற்காக ப்ரொஜெக்டரில் ஓடவிட்டிருந்தார். அதுவும் 1234. சுவரளவு வெள்ளைத் திரையில், கொட்டை எழுத்தில், நான் எழுதியது வந்து நின்றது.

பாதிக் கொட்டாவியில் இருந்த மேடம் வாயை மெல்ல மூடிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"யாரு இந்த மாமா?" என்றார்.

முதல் வரிசையில் என் தோழிதான் முதலில் சிரித்துவிட்டாள். அவள் தோள்கள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. அடுத்த நொடி லேப் முழுவதும் சிரிப்பு வெடித்தது. நான் மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்தபோதே திரையில் இன்னொரு வரி வந்தது. "டெஸ்ட் டெஸ்ட் ஒன் டூ த்ரீ." அடுத்து இன்னொன்று. "வர்றேங்க. ரொம்ப தேங்க்ஸ்."

மேடம் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். தான் எழுதிய எண்ணைப் பார்த்தார். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"ஐயோ! எல்லாரும் இதே நம்பரையா போட்டீங்க?"

"நீங்கதான மேடம் எழுதிப் போட்டீங்க," என்றது நடுவரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஒரே சர்வர், ஒரே க்யூ. யார் போட்டாலும், அந்த நேரத்துக்கு யார் காத்துக்கிட்டிருக்காங்களோ அவுங்களுக்குப் போயிருக்கு. காலையிலேர்ந்து நீங்க எல்லாரும் யார் யார் மெசேஜயோ படிச்சிக்கிட்டு இருக்கீங்க!"

இதைச் சொல்லும்போதே மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடக்கிக்கொண்டு, "அவுங்கவுங்க ரோல் நம்பர சாவியாப் போடுங்க," என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி பொத்துக்கொண்டு வந்தது. கொட்டாவி விட்ட விஷயத்தை அவர் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

மதியம் நானும் தோழியும் மாடிப்படித் திருப்பத்தில் எங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு.

"இதத்தாண்டி காலையிலேர்ந்து சொன்னேன். 'இன்னிக்குக் கொத்சு, மதியம் படிக்கட்டுக்கு வந்துரு'ன்னு, எம்பேரையும் போட்டு. நீ வரல வரலன்னு தலையாட்டுன, நானும் திருப்பித் திருப்பி அனுப்பிச்சேன்."

"எத்தன தடவ அனுப்பிச்ச?"

"தெரியல. ஏழெட்டு இருக்கும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என்ன நடந்திருக்கிறது என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. அதற்குள் படியில் காலடிச் சத்தம்.

முதலில் வந்தவன் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பையன். சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் அவன் பேசி நாங்கள் கேட்டதில்லை. லேபில் மானிட்டரை விட்டுத் தலை நிமிர்த்தவும் மாட்டான். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அப்போதுதான் கழுவியது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கூப்ட்டிருந்தீங்க," என்றான்.

தோழி கரண்டியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெசேஜ் வந்தொடனே வர்றேன்னு பதில் போட்டேன். உங்களுக்கு வரலியா?"

"அது ப்ரொஜெக்டர்ல வந்துச்சு," என்று சொல்லிவிட்டு நான் சிரிப்புத் தாங்காமல் சுவரில் சாய்ந்துவிட்டேன். அவனுக்கு இரண்டு கணம் கழித்துத்தான் உறைத்தது. "அப்ப அது எனக்கு இல்லியா?" என்றான். முகம் சுருங்கியது. தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒரு படி இறங்கினான்.

"எங்க போற? உக்காரு!" என்று தோழி அதட்டினாள். "யாருக்கு வந்துச்சோ அவுங்களுக்குத்தான்."

அவன் உட்காருவதற்குள் மேலும் மூன்று பேர். பின்னாலேயே இன்னும் சிலர், ஒருத்தி கையில் அப்பளத்தோடு. "என்ன மட்டுந்தான் கூப்ட்டிருக்கேன்னு நெனச்சேண்டி!" என்று ஒவ்வொருவரும் சொல்ல, ஒவ்வொரு தடவையும் படிக்கட்டு அதிர்ந்தது. ஆளுக்கு ஒரு கைப்பிடி சாதமும் ஒரு கத்தரித் துண்டும் கிடைத்திருந்தால் அதிகம். திட்டக்குடிப் பையன் தன் பங்கை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே, "கொத்சுல புளி கொஞ்சம் ஜாஸ்தி," என்றான். அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் அபிப்பிராயம் அது. தோழி கரண்டியை ஓங்கினாள். அவன் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அங்கிருந்தபடியே தோழி அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "நாளைக்குக் கொஞ்சம் கூடச் செய்யிம்மா."

"எத்தினி பேருக்குடி?"

தோழி சுற்றிலும் பார்த்தாள். "லேபுக்கும்மா," என்றாள்.

மறுநாள் அவள் அப்பா ஸ்கூட்டரின் முன்னால் ஒரு தூக்குவாளியை நிறுத்திக்கொண்டு காலேஜ் வாசலில் வந்து இறங்கினார். புளி குறைவாக இருந்தது. மேடமும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கொத்சுக்கு ஆட்கள் கூடிய முதல் நாள் சாயங்காலம் ரயிலில் நான் தனியாக நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டிலிருந்த அம்மாள் பரங்கிப்பேட்டை தாண்டியதும் பொறுக்க முடியாமல், "என்னாம்மா விஷயம், எங்களுக்கும் சொல்லேன்," என்றார். சொல்ல ஆரம்பித்தேன். க்யூ, சாவி எண், சர்வர் ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு ஒருவன் வந்து நின்றான் என்ற இடத்துக்கு வந்ததும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்திலிருந்த அவர் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டு, "என்னா? என்னா?" என்று கேட்க, அந்தம்மாள் அவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார், பாதியைத் தப்பாக, என்னைவிட நன்றாக.