தகரம் கேட்ட மலை

கல்யாணத்தோடு விட்ட டிரம்ஸைப் பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி தொட்டேன். பழைய ராக் பாட்டுகளை மட்டுமே வாசிக்கும் குழு எங்களுடையது. பீர்மேட்டு விடுதியொன்றில் முதல் நிகழ்ச்சி. குச்சி பட்டதும் சிம்பல் தகரம்போல் அதிர்ந்தது.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில், பறித்த கொழுந்தை நிறுக்கக் கூப்பிடத் தகரம் தட்டுவார்கள். எட்டு வயதில், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கிடந்த தகரத்தை நான் சும்மா அடிக்க, மலையிலிருந்த பெண்களெல்லாம் மூட்டையோடு இறங்கிவிட்டார்கள். யார் அடித்தது என்று சூப்பர்வைசர் குதித்தார்.

அம்மா மூட்டையை இறக்காமலே சொன்னாள்: "எம்மகதான் அடிச்சா சார். ஒங்க ஆளு அடிச்சா மேல்காட்டுக்குக் கேக்காது. இன்னிக்குக் கேட்டுச்சுல்ல."

இன்று விடுதியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேசையை விட்டெழுந்து மேடைப் பக்கம் வந்தார்கள். என்னோடு வந்திருந்த அம்மா மட்டும் தன் மேசையை விட்டு அசையவில்லை. பாட்டு முடிந்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் அவள் சொன்னது மேடைவரை கேட்டது:

"இதென்ன, ஒரு மலையவே எறக்குனவ அவ."