பாவு விரித்த தெருவில் என் இருமல்

முதலில் வந்த இருமலை நான் மதிக்கவே இல்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினால் தொண்டை கட்டத்தானே செய்யும்? உங்களுக்கும் இருமல் வாரக்கணக்கில் விடாவிட்டால், என்னைப்போல் சமாதானம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் நெசவு வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிச் சண்டை போடுவதுதான் என் வேலை. கரையை வேறு நிறத்தில் கோர்த்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு, கரைப் பக்கத்தில் நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அங்கே மகளை உட்கார வைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்துவார்கள். அதனால் விடிகாலையில், தறியில் ஏற்றப்போகும் நீள நூலான பாவைத் தெருவில் விரிக்கும்போது போவேன். இழுத்துப் பிடித்த நூலைப் போட்டுவிட்டு யாரால் ஓட முடியும்? "வாயாடி வந்துட்டா" என்று முனகிக்கொண்டே கேட்பார்கள். அப்படித்தான் முனுசாமி தன் மகள் குமுதாவைப் பள்ளிக்கு அனுப்பினார்.

ஒருநாள் அதே தெருவில், பேசும்போதே இருமல் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடினேன். ரத்தம். பாவைப் பிடித்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை (சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள்.

"டிபிதாம்மா," என்றார் டாக்டரம்மா. "ஊசி, மாத்திரை எதையும் நடுவுல நிறுத்தாதே. சரியாயிடும்."

"பசங்களுக்கு ஒட்டியிருக்குமா டாக்டர்?"

"பக்கத்துல இருந்தவங்களைப் பார்த்துத்தான் சொல்லணும்."

குமுதாவுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரே சிலேட்டின் மேல் இருவர் தலையும் குனிந்திருக்கும்.

முனுசாமி என் வீட்டுக்குள் வராமல் வாசலோடு நின்றார். "நீ சொன்னேன்னுதாம்மா அனுப்பினேன். எம்பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? இனிமே அவ தறியிலயே இருக்கட்டும்." பள்ளிக்குப் போனால் சீக்கு வரும் என்று தெரு முழுக்கப் பேச்சு. மற்றவர்களும் பெண்களை நிறுத்திவிட்டார்கள்.

என் அம்மா கெஞ்சிக் கூத்தாடி அவரை மகளோடு எக்ஸ்ரே எடுக்க அழைத்துவந்தாள். படம் வரும்வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்து, 'என் நெஞ்சு எப்படியாவது போகட்டும், அவளுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது' என்று வேண்டிக்கொண்டேன். "சுத்தமா இருக்குது," என்றார் டாக்டரம்மா. நான் வாய்விட்டு அழுதேன். அப்படியும் முனுசாமி அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் மருந்து. ஊசி போட்டுப் போட்டுக் காதில் ஓயாத ரீங்காரம் தங்கிவிட்டது. கிருமி இல்லை என்றான பிறகு மறுபடியும் பாவுத் தெருவுக்குப் போனேன். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை.

"எனக்கு நல்லாயிடுச்சு. பொண்ணுங்களை..." அதற்குள் மூச்சு வாங்கியது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

பாவின் மறுமுனையிலிருந்து குமுதா பேசினாள். "அக்கா பக்கத்துலயேதான் இருந்தேன், எனக்கு ஒண்ணும் வரலைபா. நான் ஸ்கூலுக்குப் போறேன். கோர்வைக்கு அம்மா உக்காரட்டும்."

முனுசாமி அடிக்கக் கை ஓங்கியிருப்பார். கையில் பாவு இருந்தது. நின்று கேட்டார். திங்கட்கிழமை அவரே கொண்டுபோய் விட்டார்.

இன்றும் என்னால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. நான் நிறுத்தினால் எல்லாமே நின்றுவிடும் என்று அன்று பயந்தேன். இப்போது பாதியில் நிறுத்திவிட்டு, யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுக்கிறேன்.