எனக்காகக் காத்திருந்த அடக்கம்

நான் வேலை பார்க்கும் மஸ்கட்டில், சில நாட்களில் மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் இமாம் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்வார். ஜனாஸா தொழுகை இருக்கிறது என்று அர்த்தம். இறந்தவர் யார், எந்த ஊர் என்று பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரியாது. எல்லோரும் நின்று தொழுவோம். ஸலாம் கொடுத்துத் திரும்புவதற்குள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் ரொட்டிக்கடைக்குத் திரும்பும்போது, பிசைந்து வைத்த மாவு பொங்கிக்கூட இருக்காது. பெயர் தெரியாத ஒருவருக்காக இத்தனை பேர் நிற்பது பெரிய காரியம்தான். ஆனாலும் அந்த வேகம் எனக்கு இன்னும் பழகவில்லை. கம்பத்தில் என்னைப் பெற்ற அத்தா காலையில் மவுத்தானபோதும் அன்று சாயங்காலத்துக்குள் அடக்கிவிட்டார்கள். எங்கள் வழக்கம் அது. யார் மேலும் வருத்தமில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்காக மையத்து காத்திருக்காது என்று மனதைப் பழக்கிக்கொண்டேன்.

அமல் சார் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று என் மனைவி போனில் சொன்னாள். மறுநாள் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்களாம். அவருக்கு முப்பத்திரண்டு வயது. கம்பத்தில் என் கடைசி மகளுக்கு நாலாம் வகுப்பு வாத்தியார். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். படித்தவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. லீவில் போயிருந்தபோது பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி, பாலைவனத்து ரொட்டியை எப்படிச் சுடுவீர்கள் என்று கேட்டவர் அவர். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் போனை வகுப்பு மேசையில் நிறுத்தி வைத்து என்னைக் கூப்பிடுவார். எனக்கு அன்று ஓய்வு. முதல் நாள் வெட்கப்பட்டு, போனைத் திருப்பி மஸ்கட் கடற்கரையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, பிள்ளைக கடலப் பாத்திருச்சுக. இன்னும் உங்களத்தான் பாக்கல. திருப்புங்க போன” என்றார்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வாரம் முழுக்க யாரோடும் பேசாமல் அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்கு அந்த அரைமணி நேரம் என்னவாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படி உட்கார்ந்து எழுதுவதுகூட அவர் பிடிவாதத்தால் வந்த பழக்கம்தான்.

முதலாளியிடம், என் உஸ்தாத், எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், இறந்துவிட்டார், போக வேண்டும் என்றேன். நல்ல மனிதர். நிறைய நாள் வாழ்ந்து முடித்த பெரியவர் போல என்று நினைத்து, துஆ செய்தார். வயது முப்பத்திரண்டு என்றதும் என் நரைத்த தாடியைப் பார்த்தார். அப்படியென்றால் உன் பிள்ளையின் உஸ்தாதா என்று கேட்டார். எனக்கும்தான் என்றேன். அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனாலும் விடுப்புக் கொடுத்தார்.

கொச்சியில் விமானம் தாமதமாக இறங்கியது. பத்து மணிக்கு நான் இன்னும் கேரளத்துக்குள்தான் இருந்தேன். குமுளி மலைப்பாதையில் கார் இறங்கும்போது கீழே பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்து கிடந்தது. முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, குழிமேட்டையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

உத்தமபாளையம் தாண்டி அவருடைய கிராமத்துக்குப் போனபோது மூன்று மணி. மெயின்ரோட்டிலிருந்து மாதா கோயில் வரைக்கும் ஜனம் நின்றது. முன்பு அவர் வேலை பார்த்த மேகமலைப் பள்ளிக்கூடத்திலிருந்து எஸ்டேட் ஆட்கள் லாரியில் இறங்கி வந்திருந்தார்கள். எங்கள் ஜமாஅத்து ஆட்கள் தொப்பியோடு வெயிலில் நின்றார்கள். அவ்வளவு கூட்டத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. எதற்காக இன்னும் நிற்கிறார்கள் என்று புரியவில்லை.

“ஏலே, மஸ்கட் மாமா வந்துட்டாரு” என்றது ஒரு பிள்ளைக் குரல்.

கூட்டம் விலகி வழி விட்டது. என் மனைவி ஓடி வந்து மெதுவாகச் சொன்னாள்: “நீங்க கெளம்பிட்டீகன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அப்ப வரட்டும், அதுவரைக்கும் எடுக்க வேண்டாம்னுட்டாக சாரோட அம்மா. மாதா கோயில் சாமியார் வந்து கேட்டும் அசையல.”

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். “வாங்க தம்பி. நல்லா மொகத்தப் பாத்துக்கங்க” என்றார். நான் பார்த்தேன். பாடம் நடத்தும்போது ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கும், அப்படியே இருந்தது. நான் யார், எனக்காக ஓர் ஊரே வெயிலில் நிற்பதற்கு?

கல்லறையில் உறவுக்காரர்கள் மண் போட்டதும் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். தயங்கிப் போய், எங்கள் வழக்கப்படி மூன்று பிடி போட்டேன். எனக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். சிலுவை போட்ட பிள்ளை, திருநீறு பூசிய பிள்ளை, என் மகள், எல்லோரும் என்னைப் பார்த்து மூன்று மூன்று பிடி போட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து விடைபெறப் போனபோது, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க ஊரு நேரத்தக் கணக்குப் பண்ணித்தான் தம்பி போன் போடுவான். அங்கன இப்ப மணி என்ன?”

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வந்த அவசரத்தில் அதை நம்மூர் நேரத்துக்கு மாற்றவில்லை. நாலரை என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் கோயிலில் ஆறு மணி அடிக்க ஆரம்பித்தது.