குவைட்டான ஆக்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீடு தேடியவர்களுக்கு ‘குவைட்’ என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. “குவைட்டான பமிலிதான் வேணும்” என்று வீட்டுக்காரர் சொன்னால், விடியக் காலையில் கிரைண்டர் போடக்கூடாது, ஊரிலிருந்து சொந்தக்காரர் மூட்டை முடிச்சோடு வந்து தங்கக்கூடாது, முக்கியமாகப் பிள்ளைகள் இருக்கக்கூடாது என்று அர்த்தம். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் மரியாதை கெட்டுவிடும். அதற்குத்தான் இங்கிலிஷ். ‘அமைதி’ என்று தமிழில் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். காலி வீதி என்ற பெருந்தெருவின் பஸ்களுக்கும் கடலோர ரயிலுக்கும் நடுவில் அதற்கு எங்கே போவது?

எங்கள் வீட்டுக்கார அன்ரி கீழே தனியாக இருந்தார். மேல்மாடியை எங்களுக்குத் தரும்போது அவர் கேட்டது அந்தக் ‘குவைட்’ ஒன்றைத்தான். புதிதாகக் கலியாணம் முடித்த நானும் கணவரும் தலையாட்டினோம்.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் சந்தோஷத்தோடு வீட்டுக் கவலையும் வந்தது. அன்ரியிடம் மூச்சு விடவில்லை. தொளதொளவென்ற சட்டைகளோடு படியேறி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் வீடு பார்த்தோம். அங்கே ஒரு வீட்டுக்காரரிடம், “நாங்கள் குவைட்டான ஆக்கள்தான், ஆனா பிள்ளை ஒண்டு வரப்போகுது” என்று கணவர் இழுத்தார்.

அவர் சிரித்தார். “பிள்ளை எண்டால் கத்தத்தானே வேணும், தம்பி. கத்தாட்டித்தான் பயம்.”

அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

ஆறாம் மாத ஸ்கானில் துடிப்பு இல்லை என்றார்கள். மருந்து ஏற்றிப் பெற வைத்தார்கள். பெண் பிள்ளை. அவள் கத்தவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன், சோறு போட்டேன். அழுகை வரவில்லை. உடம்பு எங்கேயோ, நான் எங்கேயோ இருந்தேன். வீடு வேண்டாம் என்று கணவர் கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தார். காரணம் சொல்லவில்லை. இரவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அன்ரி ஒரு கிண்ணத்தில் பாயாசத்தோடு மேலே வந்தார். வாடகை ஒப்பந்தம் முடியப் போகிறதாம்.

“இன்னும் ரெண்டு வருஷம் இருங்கோ பிள்ளை. உங்களைப் போல குவைட்டான ஆக்கள் இந்தக் காலத்தில ஆருக்குக் கிடைக்கும்? மேல ஆக்கள் இருக்கினமோ எண்டே தெரியேல்ல.”

கிண்ணம் இன்னும் சூடாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். “தாங்க்ஸ் அன்ரி” என்றேன். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன்.